டீக்கடைக்கு லைசென்ஸ் உண்டு, வாடகை வீட்டுக்கு இல்லை

சென்னையில் டீக்கடை போடுகிறவர் மாநகராட்சியில் தொழில் உரிமம் வாங்க வேண்டும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து அந்தத் தாளைக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வைக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவர் எஃப்.சி. (வண்டி ஓட லாயக்கு என்கிற தகுதிச் சான்றிதழ்) எடுக்க வேண்டும். கட்டடத்தில் லிஃப்ட் வைத்தால் அதற்கும் உரிமம் உண்டு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் முட்டுகிற படுக்கையறை, வென்டிலேட்டர் இல்லாத பாத்ரூம், எர்த் இல்லாத வயரிங், இதையெல்லாம் சேர்த்து மாதம் 14,000 ரூபாய்க்கு ஒரு குடும்பத்துக்கு விடுவதற்கு மட்டும் யாரிடமும் எந்த உரிமமும் வாங்க வேண்டியதில்லை. கேட்டில் ஒரு 'டூ லெட்' அட்டையைக் கட்டினால் முடிந்தது.

வீட்டை வாடகைக்கு விடும் முன் அது ஆள் குடியிருக்க லாயக்கா என்று யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டாமா? தென்சென்னையில் எங்கள் வார்டில் வாடகைக்கு இருக்கிற சிலர் கொஞ்ச காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். இயக்கம் என்று சொன்னால் பெரிய பேச்சாகிவிடும். ஒரு வாட்ஸாப் குழு, ஒரு பக்கப் படிவம், கையெழுத்து வாங்கிய சில மனுக்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வீட்டு மொட்டை மாடியாவது கிடைத்தால் அங்கே ஒரு கூட்டம், அவ்வளவுதான். மொட்டை மாடி கிடைப்பதும் லேசில்லை, ஏனென்றால் அது ஹவுஸ் ஓனருடையது, நாம் அங்கே துணி காயப்போடுவதற்கே நேரக் கட்டுப்பாடு இருக்கிறது.

குழு ஆரம்பித்தது அட்வான்ஸ் திரும்பி வராதவர்களின் புலம்பலுக்காக. எனக்கும் வரவில்லை. காலி செய்த வீட்டில் உரிமையாளர் சுவர் சுவராக வந்து ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணினார், ஒவ்வொன்றுக்கும் நேராக விரலை வைத்து "இது நீங்க வந்தப்புறம் அடிச்சதும்மா" என்றார். நாங்கள் குடிவரும்போதே காலண்டர் மாட்டியிருந்த ஆணிக்கும் சேர்த்துத்தான். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, கீசருக்கு ஒரு தொகை, கடைசி இ.பி. பில் இன்னும் வரவில்லை என்று ஒரு தொகை, மீதி "அடுத்து ஆள் வந்ததும் தர்றேன்". அடுத்த ஆள் வந்து அவர்களுடைய அட்வான்ஸை வாங்கித்தான் நம்முடையதைத் தர முடியும் என்பது சென்னையில் எழுதப்படாத விதி. இதை யாரும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தோம். தமிழ்நாட்டுக்கென்று 2017இல் ஒரு புதுச் சட்டம் இயற்றினார்கள், நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று நீளமான பெயர். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இருந்தது 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதற்கும் முன்னால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட உத்தரவுகள் வரை போகிறது அந்த வம்சாவளி. பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றுதான் சொன்னது. நகரமோ பத்து மாதம் வாங்கியது. அறுபது வருஷம் சட்டம் ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம் என்று ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் நடந்துகொண்டிருந்தன.

புதுச் சட்டத்தில் நல்ல விஷயங்கள் இல்லாமல் இல்லை. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை இந்தச் சட்டத்தின்கீழ் அமைத்த வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும், இணையதளத்திலேயே செய்யலாம், ஒரு பதிவு எண் வரும். பதினொரு மாதம் என்று போட்டுப் பதிவிலிருந்து தப்பிக்கிற பழைய வித்தை இந்தச் சட்டத்தில் பலிக்காது, காலம் எவ்வளவானாலும் பதிவு வேண்டும். (இருந்தாலும் எல்லோரும் பதினொரு மாதம்தான் போடுகிறார்கள். ஸ்டாம்ப் வெண்டரின் கம்ப்யூட்டரில் அந்த ஒரு ஃபைல்தான் இருக்கிறது.) அட்வான்ஸை வீடு காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியது எதுவும் இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் இதையெல்லாம் தகராறு வந்த கோபத்தில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வாடகை ஆணையம் உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். வீட்டுக்குள் வருவதென்றால் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கூட்டத்தில் வாசித்தபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குளித்துக்கொண்டிருக்கும்போது மாற்றுச் சாவி போட்டுத் திறந்துகொண்டு "டேங்க் ஓவர்ஃப்ளோ ஆகுதான்னு பார்க்க வந்தேன்" என்று நின்ற வீட்டுக்காரரைப் பற்றி ஒரு அக்கா சொன்னதும்தான் சிரிப்பு நின்றது.

இனி ஓட்டைகள். ஆணி ஓட்டை இல்லை, சட்டத்தின் ஓட்டை.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. அதே வாக்கியத்தின் தொடக்கத்தில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, என்று ஒரு வால் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதுவது யார்? உரிமையாளர். ஆறு மாதம் என்று அவர் எழுதினால் ஆறு மாதம், பத்து என்றால் பத்து. வாடகைதாரர் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தருவார்கள், அதற்கு மேல் நமக்கு அந்தத் தாளில் வேலை இல்லை. மத்திய அரசு 2021 ஜூனில் ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டே மாதம் என்று நிறுத்திக்கொண்டது. மாதிரிதான், மாநிலங்கள் எடுத்துக்கொண்டால் உண்டு.

அடுத்தது இதைவிடக் கொடுமை. எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட வேண்டும் என்பது வாடகைதாரருக்குப் பாதுகாப்பு என்றுதானே நினைப்போம். 21ஆம் பிரிவில், வாடகைதாரரை வெளியேற்றக் கேட்பதற்கான காரணங்களின் பட்டியலில் முதலாவதாக நிற்பது, இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தவறியது. ஆக உரிமையாளர் ஒப்பந்தமே போடாமல் இழுத்தடித்தாலும், அதையே காரணம் காட்டி வெளியேற்றக் கோர வழி இருக்கிறது. சட்டம் வந்த புதிதில் பழைய வாய்மொழி வாடகைக்காரர்கள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளக் கொடுத்த கெடுவை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். இருபது, முப்பது வருஷமாக ரசீதுகூட இல்லாமல் கையில் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கெடு இருந்ததே தெரியாது. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக் குடித்தனங்களில் இருந்தவர்கள் வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் இப்படி ஒரு சட்டம் வந்த கதையையே தெரிந்துகொண்டார்கள். ஒண்டுக் குடித்தனம் என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நடுவில் முற்றம், சுற்றி ஐந்தாறு குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய், ஒரு கக்கூஸ், காலையில் வாளியோடு வரிசை.

எங்களை யோசிக்க வைத்த மூன்றாவது விஷயம் வேறு. இந்தச் சட்டம் முழுக்கத் தாளைப் பற்றிப் பேசுகிறது. ஒப்பந்தம், பதிவு, வாடகை உயர்வு, வெளியேற்றம். வீட்டைப் பற்றி? கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது, எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய்ப் பைப்புகளை மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் கணக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் கணக்கு. (வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு என்று வாசித்துவிட்டு என் பெயிண்டிங் பணத்தை நினைத்துக்கொண்டேன். அதையும் ஒப்பந்தத்தில் நம் தலையில் கட்டிவிடுகிறார்கள்.) பழுது பார்ப்பதைப் பற்றி இவ்வளவு சொல்கிற சட்டம், முதல் நாள் சாவி கொடுக்கும்போது வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு அளவுகோலும் வைக்கவில்லை.

கட்டட விதிகளில் அளவுகோல் இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒரே அறை கொண்ட வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டராவது இருக்க வேண்டும், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டுக்கு 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளும் இருக்கின்றன. எல்லாம் பிளான் அப்ரூவல் வாங்கும்போது தாளில் இருக்க வேண்டிய விஷயங்கள். கட்டி முடித்த சான்றிதழ்கூடச் சின்னக் குடியிருப்புகளுக்கு வேண்டாம் என்று விலக்கு. நம் ஊரில் வாடகைக்குப் போவதில் பெரும்பகுதி அந்தச் சின்னக் குடியிருப்புகள்தானே. பிளானில் கார் நிறுத்துமிடமாக இருந்தது சுவர் எழுப்பி ஒரு 'சிங்கிள் பெட்ரூம்' ஆகிவிடும். பால்கனியை மூடினால் கிச்சன். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டால் பேச்சிலர் ரூம், மூன்று பையன்களுக்கு, தலைக்கு இவ்வளவு. கட்டடம் பிறக்கும்போது ஒரு தடவை தாளில் பார்த்ததோடு சரி, அதன் பிறகு அங்கே யார் எதற்குள் படுக்கிறார்கள் என்று அரசாங்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

மாநகராட்சி ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொத்துவரி வாங்குகிறது. அந்த வரி எதன்மேல் என்று தெரியுமா? ஆண்டு வாடகை மதிப்பின்மேல். அதாவது ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டையும், வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுத்தான் வரியே. வாடகைக்கு எவ்வளவு பெறும் என்று கணக்குப் போடத் தெரிந்த அலுவலகத்துக்கு, வாடகைக்கு விட லாயக்கா என்று பார்க்கத் தெரியாதா? எங்கள் கோரிக்கையின் அடிவேர் இந்தக் கேள்விதான். மற்றதெல்லாம் கிளை.

கரண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதாமாதம் எல்லோரையும் கடிப்பது அதுதான். எங்கள் தெருவில் ஒரு வீடு. கீழே இரண்டு போர்ஷன், மேலே உரிமையாளர், பின்பக்கம் ஒரு ஷீட் போட்ட அறை. மின்வாரியத்தின் இணைப்பு ஒன்றுதான். மாடிப்படிக்குக் கீழே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, வரிசையாகச் சின்ன சப்-மீட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சுவரில் கரிக்கட்டையால் எழுதிய எண்கள், போன மாதத்து எண்ணை அடித்துவிட்டு அதன் கீழே இந்த மாதத்து எண். வீட்டுக்காரம்மா மாதம் ஒண்ணாம் தேதி டார்ச்சோடு இறங்கி வந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டு போவார். யூனிட்டுக்குப் பத்து ரூபாய். வாரியத்தின் வீட்டு இணைப்புக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டுக்குள் இருந்தால் எந்த யூனிட்டும் ஐந்து ரூபாயைத் தாண்டாது. 2016 முதல் எல்லா வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம் வேறு. அந்த இலவசம் எங்களில் பலர் கண்ணில் பட்டதே இல்லை.

அந்தம்மா கொள்ளையடிக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நோட்டை வாங்கி உட்கார்ந்து கணக்குப் போட்டால் முழுசாக அப்படி இல்லை. நான்கு குடும்பத்தின் கரண்டும் ஒரே இணைப்பில் சேரும்போது மொத்தம் ஆயிரம் யூனிட்டைத் தாண்டுகிறது. 500ஐத் தாண்டினாலே கட்டண அடுக்குகள் மாறி மேல் யூனிட்டுகளுக்கெல்லாம் கூடுதல் விலை. இலவசம் நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு 100 யூனிட். அவர் கையிலிருந்தும் கொஞ்சம் போகிறது, எங்களிடமிருந்து அதைவிட அதிகம் போகிறது, தனித்தனி இணைப்பு இருந்தால் இருவருக்குமே மிச்சம். அப்புறம் ஏன் தனி இணைப்பு வாங்கவில்லை என்றால், பின்பக்கத்து ஷீட் அறை பிளானில் கிடையாது. தனி இணைப்பு கேட்டால் யாராவது வந்து பார்ப்பார்கள். பார்க்கக் கூடாது என்பதற்காக வாடகைக்கு இருக்கிற மூன்று குடும்பமும் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தபோது வாடகைக்கு இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு போர்ஷனுக்கு எத்தனை குடம் என்று மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் அட்டை எழுதித் தொங்கவிட்ட வீடுகள் இருந்தன. அதற்கு முன் 2015 வெள்ளம், பின்னால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தது தரைத்தளத்தில். தரைத்தளத்தில் யார் இருந்தார்கள்? பாதிக்கு மேல் எங்களைப் போன்றவர்கள்தான் என்று அடித்துச் சொல்வேன், மாடியில் வாடகை அதிகம், உரிமையாளர் இருந்தாலும் மாடியில்தான் இருப்பார். வெள்ளம் வடிந்ததும் சம்ப்பில் சாக்கடை கலந்திருக்கிறது, யார் சுத்தம் செய்வது என்று ஒரு வாரம் தகராறு. சுவரில் இடுப்பளவுக்கு ஏறிய ஓதம் அடுத்த கோடை வரை காயவில்லை, பெயிண்ட் அப்பளமாக உரிந்து பிள்ளையின் படுக்கையில் விழுந்தது. எங்கள் குழுவில் வெள்ளத்துக்கு அப்புறம் வீசிங் வந்த குழந்தைகளைப் பற்றி அம்மாக்கள் எழுதிய செய்திகளை ஒன்றாகத் தொகுத்து வைத்திருக்கிறேன். ஓதத்தால்தான் வந்தது என்று டாக்டர் எழுதித் தர மாட்டார். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வராது.

சரி, யாரிடம் போய்ச் சொல்வது? தமிழ்நாட்டில் 2022இல் வார்டு குழு, பகுதி சபை என்று நகரங்களுக்கு விதிகள் கொண்டுவந்தார்கள், கிராம சபை மாதிரி. நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று கூட்டம் நடக்கும். ஒரு மாநகராட்சிப் பள்ளியில், குழந்தைகள் உட்காருகிற தாழ்ந்த பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். தெருவிளக்கு, மழைநீர் வடிகால், நாய்த் தொல்லை என்று வரிசையாகப் பேசினார்கள், ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்கள். எங்கள் முறை வந்தது. வாடகை வீடுகளின் நிலையைப் பற்றி என்று நான் ஆரம்பித்ததும், முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் திரும்பி, கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆவலோடு கேட்டார்: "உங்களுக்கு இங்க ஓட்டு இருக்காம்மா?"

என்னோடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இல்லை. தென்காசியில் இருக்கிறது, அரியலூரில் இருக்கிறது, மாறிப்போன முந்தைய மூன்று வீடுகளில் ஏதோ ஒன்றின் விலாசத்தில் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் வாக்காளர் அட்டையை மாற்ற, வாடகை ஒப்பந்தம், கேஸ் பில் மாதிரி புது விலாசத்துக்கு ஏதாவது ஒரு தாள் வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் போட உரிமையாளர் தயங்குவார். 2025 கடைசியில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது படிவங்கள் பழைய விலாசங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன, குடியிருந்தவர்களைக் காணோம். அடிக்கடி இடம் மாறுகிறவருக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இல்லாதவருக்குக் கவுன்சிலர் இல்லை, கேட்பதற்கு ஆள் இல்லாததால் மறுபடியும் இடம் மாறுகிறார். 2011 கணக்கெடுப்பின்படியே இந்திய நகரங்களில் கால் பங்குக்கும் மேலான குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்தன. இவ்வளவு பேர் இருந்தும் எந்தக் கட்சியின் தேர்தல் மேடையிலும் 'வாடகைக்கு இருப்போரே' என்று யாரும் விளித்து நான் கேட்டதில்லை.

அந்தப் பெரியவரிடம் கூட்டம் முடிந்த பிறகு பேசினோம். ஓய்வுபெற்ற மனிதர், இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறார், மருந்துச் செலவு அதிலிருந்துதான் போகிறது. அவருடைய பயம் நியாயமானது. பழைய சட்டத்தின் காலத்தில் அவருடைய தம்பியின் கடையில் உட்கார்ந்தவர்கள் சொற்ப வாடகையைக் கொடுத்துக்கொண்டு கோர்ட்டில் இருபது வருஷம் இழுத்தார்களாம். "நீங்க நல்லவங்களா இருக்கலாம்மா, உங்களுக்கு அப்புறம் வர்றவன்?" என்றார். இதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: சார், நாங்கள் வீட்டைக் கேட்கவில்லை, வாடகையைக் குறைக்கவும் சொல்லவில்லை, வாங்குகிற வாடகைக்கு வீடு வீடாக இருக்க வேண்டும் என்கிறோம். அவர் ஒத்துக்கொண்டாரா தெரியாது. படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே பக்கம், தமிழில். ஒவ்வொரு படுக்கையறையிலும் வெளிக்காற்று வருகிற ஜன்னல் உண்டா, பாத்ரூமில் வென்டிலேட்டர் உண்டா, எர்த் கசிவு வந்தால் தானாக டிரிப் ஆகிற சுவிட்ச் இருக்கிறதா, போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு உண்டா, இல்லையென்றால் யூனிட்டுக்கு எவ்வளவு, மெட்ரோ தண்ணீர் வருகிறதா போர் தண்ணீர் மட்டுமா, சம்ப்பையும் டேங்கையும் கடைசியாக எப்போது கழுவினார்கள், வெள்ளம் வந்தால் வீட்டுக்குள் எவ்வளவு உயரம் ஏறியது, சுவரில் ஓதம், ஏற்கெனவே இருக்கிற ஆணி ஓட்டைகள் (இது என் சேர்க்கை). சாவி வாங்கும் நாளில் இருவரும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து, ஆளுக்கொரு பிரதி. காலி செய்யும் நாளில் அதே தாளை வைத்து ஒத்துப் பார்ப்பது. இதை ஒப்பந்தப் பதிவோடு கட்டாயமாக இணைக்க வேண்டும், மாநகராட்சி சுகாதார ஆய்வாளரோ பொறியாளரோ பத்தில் ஒரு வீட்டையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும், ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் அட்வான்ஸ் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது என்று 11ஆம் பிரிவின் வாலை வெட்ட வேண்டும். முதலிரண்டும் உள்ளூர் அளவில் முன்னோட்டமாகவாவது செய்து பார்க்கலாம் என்பது எங்கள் வாதம். மூன்றாவது சட்டமன்றத்தின் வேலை.

நடக்காத கனவு என்கிறவர்களுக்கு லண்டனில் நியூஹாம் என்கிற உள்ளாட்சிப் பகுதியைச் சொல்லலாம். ஈஸ்ட்ஹாம் இருக்கிற அதே நியூஹாம்தான், இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன நம் ஆட்கள் கடை வைத்து, கோயில் கட்டி, வாடகைக்கும் இருக்கிற இடம். தோட்டத்துக் கொட்டகையில்கூட ஆட்களை அடைத்து வாடகை வாங்கிய ஊர் அது. அங்கே 2013 ஜனவரி முதல் தனியார் வாடகைக்கு விடுகிற எந்த வீடாக இருந்தாலும் உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் ஒரு முழு உள்ளாட்சிப் பகுதிக்கும் அப்படிச் செய்தது அதுதான் முதல். 2004இல் போட்ட வீட்டுவசதிச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. உரிமம் இல்லாமல் விட்டால் வழக்கு, குடியிருந்தவர் ஓராண்டு வாடகை வரை திரும்பக் கேட்கவும் வழி இருந்தது. அதன் பிறகு அங்கே மோசமான வீடே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் போய்ப் பார்ப்பதற்கு ஓர் அதிகாரி இருக்கிறார், எந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. எங்களுக்கு அந்தப் பட்டியல் வந்தாலே போதும் என்றிருக்கிறது.

இதனால் வாடகை ஏறிவிடும் என்று எங்கள் குழுவிலேயே பயப்படுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் ஏறலாம், மறைக்கவில்லை. ஜன்னல் இல்லாத அறைக்கு ஜன்னல் வைத்தால் ஐந்நூறு கூடக் கேட்பார்கள். இன்றைக்கு எந்த ஜன்னலும் வைக்காமலேயே வருஷத்துக்கு ஐந்து சதவீதம், பத்து சதவீதம் ஏற்றுகிறார்களே, அது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இதைவிட எனக்குக் கவலை தருவது ஷீட் அறைக்காரர்கள். ஆய்வு என்று வந்தால் முதலில் இடிபடுவது அந்த அறைதான், அதில் இருக்கிற பையன்கள் எங்கே போவார்கள்? அதனால் மனுவில், குறையைச் சரிசெய்ய உரிமையாளருக்குத் தவணை கொடுக்க வேண்டும், அதுவரை குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அந்த வரி இல்லாமல் போனால் நான் இந்த மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன்.

பலன் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் தெருக்களில் சில உரிமையாளர்கள் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். ஒருவர் நிரப்பும்போதே பாத்ரூமுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டிவிட்டார், "இல்லைன்னு எழுதக் கஷ்டமா இருந்துச்சு" என்று. நாற்பது பக்க நோட்டு அம்மா தனி இணைப்பு பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வீட்டில் படிவத்தை நீட்டிய குடும்பத்துக்கு வீடே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பகுதி சபையில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்றால் வாசகத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள், அது ஒரு முன்னேற்றம்தான்.

அந்த வாசகத்தில்தான் இப்போது சண்டை. படிவத்தின் எல்லா வரிகளிலும் எங்களுக்குள் ஒத்த கருத்து இருக்கிறது, ஒன்றைத் தவிர. வீடு தேடிப் போகும்போது அட்வான்ஸுக்கு முன்னால் வருகிற கேள்விகள் இருக்கின்றனவே, "நீங்க என்ன ஆளுங்க?", "நான்வெஜ் சமைப்பீங்களா?", பெயரைக் கேட்டதும் "வீடு முடிஞ்சிருச்சே", தனியாக வருகிற பெண்ணிடம் "கூட யாரும்மா இருப்பாங்க?" வாடகைச் சட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. எங்கள் குழுவில் ஒரு தம்பி, தரமணியில் வேலை, முஸ்லிம் பையன், கரண்டும் ஜன்னலும் எனக்கு அப்புறம்தான் அக்கா, முதல்ல உள்ளே விடட்டும் என்றான். சாதி, மதம், சாப்பாடு, கல்யாண நிலை இவற்றைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று தீர்மானத்தில் ஒரு வரி வேண்டும் என்கிறோம் நானும் அவனும் இன்னும் சிலரும். அந்த வரியைச் சேர்த்தால் இப்போது கையெழுத்துப் போட்ட உரிமையாளர்களும் ஓடிவிடுவார்கள், ஜன்னலும் போய்விடும், முதலில் நடக்கிறதைப் பார்ப்போம் என்கிறார்கள் மற்றவர்கள். ஜன்னலை வாங்குவதற்காக அவனை வாசலில் நிற்க வைக்க முடியாது என்பது என் கட்சி. அடுத்த ஞாயிறு கூடி ஓட்டெடுப்பு வைத்து முடிவு செய்வதாக இருக்கிறோம், இந்தக் குழுவிலாவது எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது.